தண்ணீர்த் தொட்டியடியில் வகுப்பு

கொரோனாவுக்காகப் பல்கலைக்கழகத்தை மூடியதும் விஜயலெட்சுமி அப்புத்தளைக்குக் கீழேயுள்ள தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கே திரும்பி வந்தாள். அவள் புவியியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர். அந்தத் தோட்டத்திலிருந்து அப்படியொரு வேலைக்குப் போனவள் அவள் ஒருத்திதான்.

லயத்தில் போன் கவரேஜ் கிடையாது. தேயிலை மலை உச்சியிலுள்ள தண்ணீர்த் தொட்டியருகே போனால்தான் வகுப்பு எடுக்கலாம். ஒரு கையில் குடை, மறு கையில் போன். திரையில் முகங்கள் இருக்காது. கறுப்புக் கட்டங்களில் பெயர்கள் மட்டும். "விளங்குதா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். பதில் வராது. அட்டை காலில் ஏறுவதுகூடத் தெரியாமல் மறுபடி பேசத் தொடங்குவாள்.

வாய் திறந்து கேள்வி கேட்பவள் ஸவாஹிரா மட்டுந்தான். பதுளையில் ஆட்டோ ஓட்டுபவரின் மூத்த மகள். திடீரென்று அவள் பெயரையும் காணவில்லை. விஜயலெட்சுமி போன் எடுத்து விசாரித்தாள்.

"வீட்டுல ஒரு போன்தான் மிஸ். தம்பி, தங்கச்சிட கிளாஸும் அதுலதான். வாப்பாக்கு ஆட்டோ ஹயர் இல்ல. டேட்டா போட ஏலாம இருக்கு."

அதன் பிறகு சாதாரண அழைப்பிலேயே அவளுக்குத் தனியாகப் பாடம் நடந்தது. படம் காட்ட வழியில்லாததால், சமவுயரக் கோடுகளை வாயால் சொல்லியே வரையவைத்தாள்.

ஆன்லைன் பரீட்சையன்று ஸவாஹிராவின் வாப்பாவுக்கு மூச்சு முட்டியது. அம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனது. அழுதுகொண்டே எழுதி முடித்தவள் விடைத்தாளை அனுப்புவதற்குள் நேரம் முடிந்து, அனுப்பும் இணைப்பு மூடிவிட்டது. தாளைப் படமெடுத்து விஜயலெட்சுமியின் வாட்ஸப்புக்கு அனுப்பினாள்.

பிந்தி வந்த தாளை ஏற்கும்படி விஜயலெட்சுமி கேட்டாள். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் துறைத்தலைவர்.

"கவரேஜ் எல்லாருக்கும் ஒண்ணா இல்லையே சேர்."

விஜயலெட்சுமி தாளைத் திருத்திப் புள்ளியும் போட்டாள். நல்ல புள்ளி. யாரோ முறைப்பாடு செய்தார்கள். புள்ளி இரத்தானது. அவளுடைய ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை. அதற்குள் ஸவாஹிராவின் வாப்பா ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோயிருந்தார்.

பல்கலைக்கழகம் திறந்தபோது இருவருமே அங்கு இல்லை. விஜயலெட்சுமி பதுளையில் டியூஷன் கொடுக்கத் தொடங்கினாள். ஸவாஹிரா பாமஸி ஒன்றில் வேலைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனாள்.

"என்னால உங்கட வேலையும் போச்சே மிஸ்."

"ஒன்னால இல்லம்மா. திரும்ப எழுத விடுறாங்க, நான் விசாரிச்சேன். வந்து எழுதுறியா?"

ஸவாஹிரா மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "உம்மாவும் சின்னதுகளும் இப்ப என்னயத்தான் பாத்துட்டு இருக்காங்க, மிஸ்."

விஜயலெட்சுமியால் அதற்கு மேல் வற்புறுத்த முடியவில்லை. அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.