வெள்ளித் தாளில் சுற்றிய ஐரிஷ் பாண்

பெயரில் பாண், நடத்தையில் கேக். அப்படி ஒரு பொருள் ஒக்டோபர் கடைசி விடுமுறையில் பாரிஸ் லா சப்பலிலுள்ள எங்கள் வீட்டுக்குள் வந்தது. டப்ளினில் வேலை பார்க்கும் மகள் கொண்டுவந்தாள். தேநீரில் ஊறவைத்த திராட்சை வற்றல் போட்டுச் சுடும் ஐரிஷ் பழப்பாணாம், அதாவது பிரெட். வட்டமாக, கருமையாக, கல்லுப்போலக் கனத்தது.

"என்ரை சிநேகிதரின்ரை அம்மா செய்தது. நாளைக்குப் பின்னேரம் தேத்தண்ணியோடை நானே வெட்டித் தாறன், அப்பா."

தமிழில் சொன்னாள். பாரிசில் பிறந்த பிள்ளை. எங்களோடு சிரிப்பதும் சண்டை பிடிப்பதும் பிரெஞ்சில்தான். தமிழுக்கு மாறினால் ஏதோ கேட்கப் போகிறாள் என்று பொருள்.

என்ன கேட்கப் போகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். பல மாதங்களாக அவளுடைய தொலைபேசிப் பேச்சில் அந்தச் சிநேகிதரின் அம்மா கம்பளிச் சட்டை பின்னினார், சூப் காய்ச்சினார், மகளின் சளித் தடிமனுக்கு மருந்து வாங்கினார். எந்தச் சிநேகிதரின் அம்மாவும் காரணமில்லாமல் இவ்வளவு நல்லவராக இருப்பதில்லை. மகளுக்கு என் சம்மதம் வேண்டும். அதுவும் சொந்தக்காரர் காதில் விழுவதற்கு முன்னர்.

ஓய்வுபெறும்வரை நான் செய்தது, எந்த அரசாங்க அலுவலக வாசலில் எந்தக் கடதாசியோடு நிற்கவேண்டும் என்று சனத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. அதில் அதிகாரிகளைப் பார்த்து நான் கற்ற உயர்ந்த பாடம் ஒன்று: முத்திரை கையில் இருந்தாலும் உடனே குத்தக் கூடாது. விண்ணப்பிப்பவர் கொஞ்சம் வாடவேண்டும். ஆகவே மகளின் கோரிக்கையைச் சில காலம் பரிசீலனையில் வைப்பது என்று தீர்மானித்திருந்தேன். மறுக்கும் எண்ணம் இல்லை. மறுத்தால் மேன்முறையீடு தாயிடம் போகும். அந்த நீதிமன்றத்தில் நான் ஒருநாளும் வென்றதில்லை.

மறுநாள் காலை மகள் பக்கத்து மெத்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட்டில் ஒரு தோழியைப் பார்க்கப் போனாள். மனைவி பொதியைப் பிரித்து மோந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இது எங்கடை ரிச் கேக்கெல்லோ! முட்டையைக் குறைச்சு, கஞ்சத்தனமாச் செய்திருக்கினம். ரெண்டு கிழடுகளுக்கு இவ்வளவும் என்னத்துக்கு?"

"அவள் தானே வெட்டுறன் எண்டவள்."

"வெட்டிறதுக்கு டப்ளினிலை படிச்சவளோ?"

எங்கள் சனத்தின் கை, கருத்த பழக் கேக்கைக் கண்டால் தானாக ஒரு வேலை செய்யும். பாதியை விரலளவு துண்டுகளாக வெட்டினாள். ஒவ்வொன்றையும் வெள்ளித் தாளில் சுற்றி, மேலே ரோசாத் தாள் சுற்றி, இரண்டு பக்கமும் முறுக்கினாள். அந்தத் தாள்கள் எந்தக் கலியாணத்துக்கோ வாங்கி மிஞ்சியவை. பாரிசுக்கு வெளியே கார்ஜிலிருக்கும் தன் தங்கைக்கு ஒரு பொட்டலம் போனது. கீழே தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் தன் தம்பிக்கு இன்னொன்று.

அப்படிச் சுற்றிய துண்டு எங்களில் ஒருவரின் கைக்கு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவருக்கும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அவள் சுற்றுவதில் மும்முரமாக இருந்தாள். நான் மிச்சப் பாதியில் ஒரு துண்டு வெட்டி, வாட்டி, வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். உப்பு வெண்ணெய் உருகி வற்றல்களின் மேல் வழிந்தது. அயர்லாந்தைப் பற்றி நான் வைத்திருந்த கருத்துகளில் சிலவற்றை அங்கேயே நின்று திருத்திக்கொண்டேன்.

பின்னேரம் மகள் திரும்பி வந்து, பாதிப் பாணைக் கண்டு வாய் திறப்பதற்குள் தொலைபேசி அடித்தது. மைத்துனர். காது மந்தம் என்று நான் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவேன்.

"அத்தான், சந்தோசம்! பிள்ளைக்குக் கலியாணத்தை முடிச்சிட்டு, கேக்கை மட்டும் அனுப்பியிருக்கிறியள். கார்ஜிலை அக்கா அழுதுகொண்டிருக்கிறா. கேக்குக்குள்ளை மோதிரமும் வைச்சுக் குடுக்கிறியள், ஒரு வார்த்தை சொல்லத்தான் நேரமில்லை. அதைக் கடிச்சு என்ரை பல்லு ஆடுது!"

எங்களில் கலியாணம் முடிந்த வீட்டிலிருந்துதான் அப்படிச் சுற்றிய கேக் போகும். மகள் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு மோதிரத்தின் கதையைச் சொன்னாள். அந்தப் பாணுக்குள் ஒரு மலிவான மோதிரத்தை வைத்துச் சுடுவது ஐரிஷ்காரரின் வழக்கமாம். அது யாருடைய துண்டில் வருகிறதோ, அவருக்கு ஒரு வருடத்துக்குள் கலியாணமாம். தேநீர் குடிக்கும்போது அந்தக் கதையைச் சொல்லி, அதிலிருந்து தன் கதைக்கு வர நினைத்திருக்கிறாள். இப்போது அவள் கேட்பதற்கு முன்னமே கார்ஜ் முழுவதற்கும் அவள் களவாகத் தாலி கட்டிக்கொண்டவள். நான் "அப்படி ஒண்டும் இல்லை" என்று சொல்லி வைத்தால் உண்மைதான். ஆனால் நாளை அவள் வாய் திறந்தால் தகப்பனே மறுத்த விசயம் என்பார்கள். பரிசீலனைக்கு அவகாசம் இல்லை. மனைவி என்னைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"கலியாணம் இன்னும் முடியேல்லை," என்றேன். "சம்மதம்தான் முடிஞ்சது. பொடியன் ஐரிஷ்காரன். அவன்ரை தாய் சுட்ட பாண் அது. முதல் சொல்லுறது உங்களுக்குத்தான் எண்டு அனுப்பினது. அக்காவிட்டையும் சொல்லு. மோதிரத்தைக் கழுவிக் கொண்டு வா."

"ஓ... அப்பிடியோ அத்தான்? பிறகென்ன, சந்தோசம்!"

தொலைபேசியை வைத்தேன்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே, அப்பா," என்றாள் மகள், தமிழில்தான்.

"கேள். விண்ணப்பம் பிந்தி வந்தாலும் ஏற்றுக்கொள்ளப்படும்."

அவள் கேட்டாள், அழுகையும் சிரிப்புமாக. நடுவில் அவளை அறியாமலே பிரெஞ்சுக்கு மாறிவிட்டாள். அவனுடைய தாய்க்கு நன்றி சொல்லவேண்டும் என்றேன். மோதிரம் மாமாவின் வாயில் அகப்பட்டதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டாள்.

"அப்ப இந்த வருசம் தம்பிக்குத்தான் கலியாணம்," என்றாள் மனைவி, பாத்திரத்தில் தண்ணீர் வைத்தபடி. "அவனுக்கு இருக்கிற மனுசி ஒண்டே போதும்."

மிச்சப் பாதியை மகள்தான் வெட்டினாள். தடிப்பான துண்டுகள், வாட்டி, வெண்ணெயோடு. இந்த முறை யாரும் எதையும் தாளில் சுற்றவில்லை.