ஓர் அறக்குளா மீனின் ஐந்து நாட்கள்

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, என் மனைவி றோசலின் சந்தையிலிருந்து ஒரு முழு அறக்குளா மீனோடு வந்து சேர்ந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மீனோ என் கை நீளம்.

"இதை ஆர் தின்னுறது?" என்றேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

எங்கள் ஒரே மகன் அன்ரன் கப்பலில் வேலை செய்கிறான். இரண்டு வருடமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. அவனுடைய கப்பல் தேயிலை ஏற்றத் திருகோணமலைக்கு வருகிறது, புதன் பின்னேரம் வீட்டில் நிற்பேன் என்று தந்தி அடித்திருந்தான். அதற்குத்தான் மீன். நானும் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு, சவரம் செய்து, சும்மா இருந்த கதிரைகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பக்கத்து வீட்டு ஹனிபா நானா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மூதூர்க்காரர். கப்பல்களுக்கு மரக்கறி கொடுப்பவர், சொந்தமாக ஒரு லோஞ்ச் படகு வைத்திருக்கிறார். துறைமுகத்துச் செய்தியெல்லாம் எங்கள் ஒழுங்கைக்கு அவர் வழியாகத்தான் வரும்.

"கப்பல் வந்திட்டு சேர். ஆனா ஆக்கள இறங்க விடுறாங்க இல்ல. உள்ளுக்கு ஒருத்தருக்குக் கொப்புளிப்பானாம், தொத்துற அம்மை."

"அன்ரனுக்கோ?" குசினி வாசலிலிருந்து றோசலின் கேட்டாள்.

"இல்ல அக்கா, சமையல்காரருக்கு. மகன் சுகமா இரிக்கார். கேட்டுட்டுத்தான் வாறன். டொக்டர் நாளைக்குப் பார்த்துச் சொல்லுவாராம்."

நாளைக்கு... அந்த ஒரு சொல்லோடு அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பிழிந்த தேங்காய்ப்பால். அதை எடுத்தவள், ஒரு கணம் நின்றாள். பிறகு பாலை ஒதுக்கி வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் புளியைக் கரைத்து ஊற்றினாள்.

"பால் விட்டால் நாளைக்குத் தாங்காது."

அன்ரனுக்குப் பால்குழம்புதான் விருப்பம். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வெட்டாமல் கிடந்த மீதிப் பாதி மீன் ஹனிபா நானா வீட்டு பிரிட்ஜுக்குப் போனது. எங்கள் ஒழுங்கையிலேயே பிரிட்ஜ் உள்ள வீடு அது ஒன்றுதான்.

வியாழன். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் குழம்பைக் கொதிக்க வைத்து இறக்கினாள். பிரிட்ஜ் இல்லாத வீடுகளில் இதுதானே வழி? உங்கள் வீட்டிலும் நடக்கும். ஆனால் உங்கள் வீட்டில் அதை உங்களுக்குத் தருவார்கள். எனக்குச் சட்டியின் மூடியைத் திறக்கவே அனுமதியில்லை. வீடு முழுக்க மீன் வாசம் — என் சாப்பாட்டுக் கோப்பையில் பருப்பும் சம்பலும்.

பின்னேரம் இரண்டு பேரும் உட்துறைமுக வீதிக்கு நடந்து போனோம். கப்பல் தெரிந்தது. மேல் தட்டில் ஆட்களும் சின்னதாகத் தெரிந்தார்கள்.

"அந்த நீலச் சேட்டுக்காரன்... அது அவன்தான்" என்றாள்.

"ஓம்" என்றேன். நீலச் சேட்டுப் போட்டவர்கள் அங்கே மூன்று பேர் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஹனிபா நானா வாசலிலேயே நின்று சொன்னார். "டொக்டர் ஒருத்தரும் இறங்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டார் அக்கா. தேயிலையை வள்ளத்தில கொண்டுபோய் ஏத்துறாங்க. ஞாயிறு கப்பல் போகுது."

பொழுது படும்போது றோசலின் குழம்பைச் சூடாக்கி, முகர்ந்து பார்த்து, என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்பிடுங்கோ. இனித் தாங்காது."

மூன்று நாள் சுண்டிய குழம்பு. துண்டுக்குள் புளியும் உறைப்பும் இறங்கி, மேலே எண்ணெய் மிதந்தது. அப்படி ஒரு ருசியை நான் கண்டதில்லை. இரண்டாவது பிடியோடு கோப்பையைத் தள்ளி வைத்தேன். அவள் தனக்குப் போடவே இல்லை.

சனி காலை பிரிட்ஜில் இருந்த பாதியை வாங்கி வந்தாள். துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் பூசி, நன்றாக முறுகப் பொரித்தாள். கடுகும் மிளகும் உள்ளியும் வினாகிரியில் அரைத்தாள். ஒரு போத்தலைச் சுடுதண்ணீரில் கழுவி வெயிலில் காய வைத்தாள். மீன் அச்சாறு, ஊறுகாய் மாதிரி. பக்குவமாய்ப் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும்.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொதிக்க வைக்கிற குழம்பு நாளைக்கு வரப்போகிறவனுக்கு. வினாகிரி விடுகிற மீன்...? அவன் வீட்டுக்கு வருவான் என்ற நினைப்பை அவள் விட்டுவிட்டாள் என்று அப்போதுதான் விளங்கியது. அழவில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, மேலே எண்ணெய் நிற்கிறதா என்று போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவ்வளவுதான்.

ஞாயிறு பூசை முடிந்து வர, ஹனிபா நானா காத்துக்கொண்டு நின்றார். "கடைசி மரக்கறி கொண்டு போறன். வாங்க ரெண்டு பேரும். ஏற ஏலாது, கிட்டப் போகலாம்."

கப்பலின் பக்கத்தில் போய் லோஞ்சின் எஞ்சினை நிறுத்தினார். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு அன்ரன் நின்றான். மீசை வைத்திருந்தான். சேட்டு வெள்ளை.

கயிற்றில் ஒரு கூடை இறங்கியது. மரக்கறியோடு போத்தலும் மேலே போனது.

"அம்மா, என்ன இப்பிடி மெலிஞ்சு போனியள்?"

"மூடியை மூண்டு நாளைக்குத் திறவாதை."

"அப்பா, சுகமோ?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ஈரக் கரண்டி போடாதை. எண்ணெய் மேல நிக்கோணும். வெயில் படாத இடத்தில வை."

"ஓம் அம்மா."

"கையை விட்டு எடுக்காதை."

"ஓம் அம்மா." சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்தான். "ஓம்... ஈரக் கரண்டி போடமாட்டன்."

மேலே யாரோ கூப்பிட்டார்கள். லோஞ்ச் திரும்பியது. அவன் சிறுத்துப் போகும்வரை அவள் கப்பல் பக்கம் திரும்பியே இருந்தாள். கரை கிட்டும்போதுதான் கதைத்தாள்.

"எப்பிடி இருக்கிறாய் எண்டு நான் கேக்கவே இல்லை. நீங்களாவது கேட்டிருக்கலாமே."

கேட்க எங்கே இடம் தந்தாய் என்று நான் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் அவ்வளவாவது படித்திருக்கிறேன்.

வாசகர்களே, சாப்பாட்டைப் பழுதாகாமல் வைக்க உப்பு இருக்கிறது, புளி இருக்கிறது, நெருப்பு இருக்கிறது. இப்போது பிரிட்ஜும் வந்துவிட்டது. இதெல்லாம் மிச்சத்தை வீணாக்காமல் இருக்கத்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நேரத்துக்கு வந்து சேர முடியாத ஓர் ஆளுக்காகவும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

போன திங்கள் அன்ரனின் கடிதம் வந்தது. போத்தலை அன்றிரவே திறந்துவிட்டார்களாம். எட்டுப் பேர், பாணோடு தொட்டுத் தொட்டு... வெளிச்சவீடு கண்ணுக்கு மறைய முன்னமே போத்தல் காலி.

றோசலின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். ஏச்சு வரப்போகிறது என்று நான் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"எட்டுப் பேரோ?" என்றாள். "எட்டுப் பேருக்கு அந்த ஒரு போத்தல் எங்கை காணும்?"