இடது கையின் இரண்டாம் அடி

முதலில் வலி நின்றது. நோய் என்னிடம் அப்படித்தான் வந்தது, ஒரு நல்ல சேதியைப் போல.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். சேலத்தில் ஒரு பேண்டு செட்டில் சைடு டிரம் அடித்துக்கொண்டிருந்தேன். கல்யாண ஊர்வலம், தேர், துரைமார் வந்தால் ரயிலடி வரவேற்பு. கழுத்தில் வாரைப் போட்டு, டிரம்மை இடுப்பில் சாய்த்துத் தொங்கவிட்டு நடந்துகொண்டே அடிக்க வேண்டும். டிரம் சாய்ந்திருப்பதால் இடது கை குச்சியை மல்லாந்து பிடிக்கும். கட்டைவிரல் இடுக்கில் குச்சி கிடக்கும். மோதிரவிரல் அதைத் தாங்கும். பாரமெல்லாம் அந்த ஒரு விரலுக்கு.

செட்டை நடத்தியவர் மாஸ்டர் தேவசகாயம். பட்டாளத்து பேண்டிலிருந்து வந்தவர். அவரிடம் சீமையில் அச்சிட்ட ஓர் அப்பியாசப் புஸ்தகம் இருந்தது. அதில் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. எந்த அடி எந்தக் கைக்கு என்பது மட்டும், பக்கம் பக்கமாக. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலால் வ, இ என்று எழுதித் தந்தார். வலது, இடது. வ இ வ இ. அடுத்த பக்கம் இரட்டையடி: வ வ இ இ. மெதுவாகத் தொடங்கி, வேகம் ஏற்றி, மறுபடி மெதுவாக இறக்க வேண்டும். நிற்காமல் இருபது முறை.

"ரெண்டு கையும் ஒரே கையாக் கேக்கணும்டா நல்லப்பா. நான் கண்ண மூடிக்கிட்டா எது வலது, எது இடதுன்னு தெரியக்கூடாது. அன்னைக்கி உன்னை முன்வரிசையில நிறுத்தறேன்" என்பார்.

என் இடது கை காட்டிக்கொடுத்தது. முதல் அடி சுத்தமாக விழும். இரண்டாம் அடி தேயும். மோட்டார் டயரில் ஒரு துண்டு வெட்டிப் பலகையில் அறைந்து, அம்மாபேட்டையில் குடியிருந்த வீட்டு முற்றத்தில் விடிந்ததும் உட்கார்ந்துவிடுவேன். அக்கம்பக்கமெல்லாம் தறிச் சத்தம். அந்தத் தறிமரங்களுக்கு இரு பக்கமும் அடி ஒன்றுபோல விழுகிறதே என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். வேறு எதன்மீதும் அப்போது எனக்கு ஆசை இல்லை. இரண்டாம் அடி. அது ஒன்றுதான்.

பேண்டுக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புதுக்கை எரியும், கொப்புளிக்கும், உரியும். என்றாவது ஒரு நாள் வலி நின்றுவிடும். அதைக் கை பழுத்தது என்போம். பழுத்தவன் அன்று செட்டுக்கே காப்பி வாங்கித் தரவேண்டும். நான் அந்தப் புஸ்தகத்தோடு கிடந்த ஏழாம் மாதம் என் இடது கை வலிக்காமல் போயிற்று. எல்லோருக்கும் காப்பி வாங்கினேன்.

"ஏனுங்க, உங்களுக்குக் கை பழுத்துருச்சு. எனக்கு உதடு எப்பப் பழுக்குமுங்க?" என்றான் கிளாரினெட் சின்னு. சிரித்தோம். மாஸ்டர் என் தோளைத் தட்டினார். என் நோயின் முதல் நாளை நாங்கள் அப்படிக் கொண்டாடினோம்.

முன்கையில் வெளிறிய ஒரு தேமல் இருந்தது. வெயில் என்று நினைத்தேன். சுண்டுவிரல் உள்ளே மடங்கிக்கொண்டு வந்தது. குச்சிப் பிடி படிகிறது என்று நினைத்தேன். வலிக்காத கையை நிறுத்த எதுவும் இல்லை. இருபது முறை நாற்பதாயிற்று, நாற்பது நூறாயிற்று.

"ஏனுங்க, பலகையில ரத்தமுங்க" என்றாள் என் மனைவி பாவாயி.

"உனக்கென்ன தெரியும், போ."

"வெரலு நாறுதுங்க. ஒருக்கா டாக்டருகிட்டக் காட்டுங்க."

குச்சியை ஓங்கி அவள் தோளில் ஓர் அடி அடித்தேன். இடது கையால். அவள் துடித்துப்போனாள். அடித்த கைக்கு அடித்ததே தெரியவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அதன் பிறகு அவள் நாலு மாதம் என் விரலைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த நாலு மாதம்தான் எலும்பைத் தின்றது.

கடைசியில் ஓர் ஊர்வலத்தில் மாஸ்டர் மூக்கைப் பொத்தினார். மறுநாள் டாக்டர் முன்னால் நின்றேன்.

கண்ணைத் துணியால் கட்டி, ஊசியால் குத்துவேன், குத்திய இடத்தைச் சொல் என்றார். வலது கையில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"ஆரம்பிங்க சாமி" என்றேன்.

"முடிச்சிட்டேன். பதினோரு தடவை குத்தினேன்."

கட்டை அவிழ்த்தார். இடது கையில் பதினோரு சிவப்புப் புள்ளிகள். முழங்கையைத் தடவி உள்பக்கம் கயிறுபோலத் தடித்திருந்த ஒன்றைக் காட்டினார். முழங்கை நரம்பு (சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோவது). பெருவியாதி (ஊரில் குஷ்டம் என்பது, கிருமியால் வருவது, சாபத்தால் அல்ல) அங்கே குடியேறியிருந்தது.

"வலி எப்ப நின்னுச்சு?"

சொன்னேன். காப்பியைச் சொல்லவில்லை.

"அன்னைக்கே நீ வந்திருக்கணும். கைவேலைக்காரனுக்கு வலிதான்யா காவல். காவல் போன வீட்டுல நீயே கொள்ளையடிச்சிருக்கே."

மோதிரவிரலில் இரண்டு கணுவை எடுத்தார்கள். அறுக்கும்போதும் வலிக்கவில்லை. ரம்பம் எலும்பில் போகும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன், பக்கத்து அறையில் யாரோ மரம் அறுப்பதைப் போல.

குடியிருந்த வீட்டுக்காரர் எங்கள் சாமான்களைத் தெருவில் வைத்துவிட்டு, நாங்கள் இருந்த இடத்தில் சாணி தெளித்தார். நாமக்கல் பக்கம் பாவாயியின் அண்ணன் காட்டோரம் ஒரு சாளை (ஓலைக் குடிசை) போட்டுக்கொடுத்தார். என் வட்டில் வேறு, செம்பு வேறு, கிணற்றுப் பக்கம் போகக்கூடாது. அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். அன்பென்று நான் ஏமாறக்கூடாது என்று உடனே சொல்லியும்விட்டாள்:

"உங்களுக்காவ வல்லீங்க. அடிச்ச கை என்ன ஆவுதுன்னு பாக்க வந்தேன்."

வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வண்டி. இடுப்பில் நீரடிமுத்து எண்ணெய் ஊசி (நீரடிமுத்து விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய், அன்று வேறு மருந்து கிடையாது). போட்ட இடம் கல்லாக வீங்கும். காய்ச்சல் அடிக்கும். வலிக்க வேண்டிய கை வலிக்காமலும், வலிக்க வேண்டாத இடுப்பு வலித்துக்கொண்டும் மூன்று வருஷம் போயிற்று.

மிச்ச விரல்கள் மடங்கிப் போகாமலிருக்கப் பயிற்சி வேண்டும் என்றார் டாக்டர். புஸ்தகம் மாஸ்டரிடம் போய்விட்டது. வரிகள் எனக்கு மனப்பாடம். வ இ வ இ. ஆனால் களைத்ததும் நிறுத்தலாம் என்பது எனக்கு இனி இல்லை. களைப்பு வந்து சொல்லாது. ஐந்து வரி, பிறகு வெளிச்சத்தில் கையைப் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். பாவாயி எதிரில் உட்கார்ந்து எண்ணுவாள். ஆறாம் வரிக்குப் போனால் குச்சியைப் பிடுங்கிவிடுவாள்.

இதை வாசிக்கிற உங்கள் கையிலும் ஒரு தேமல் இருக்கலாம். ஊசியால் தொட்டுப் பாருங்கள். வலித்தால் கும்பிட்டுக்கொள்ளுங்கள். வலிக்காவிட்டால் இன்றே கிளம்புங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

கிருமி இல்லை என்று டாக்டர் எழுதித் தந்த சீட்டோடு சேலத்துக்குப் போனேன். மாஸ்டர் வாசலுக்கு வெளியே வந்து, பத்தடி தள்ளி நின்று, சீட்டை வாங்காமலே வாசிக்கச் சொன்னார்.

"சந்தோஷம்டா."

"ஒரே ஒரு வரி கேளுங்க மாஸ்டர்."

பலகையைத் தரையில் வைத்து உட்கார்ந்தேன். இரட்டையடி. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாகத் தொடங்கினேன். வேகம் ஏற்றவே இல்லை. நாலாவது சுற்றிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். மூடிய கண் திறக்கவில்லை.

"நோய் போயிருச்சு. கையும் போயிருச்சு. இன்னொரு வாட்டி வந்து என்னைக் கேக்கச் சொல்லாதேடா, என்னால முடியாது."

அவர் பொய் சொல்லியிருக்கலாம். அவர் காது அதற்கு விடவில்லை. எனக்கும் தெரிந்ததுதான்.

இப்போதும் தினமும் ஐந்து வரி உண்டு, விரலுக்காக. முன்பெல்லாம் அடி விழுவதற்கு ஒரு நொடி முன்பே அது விழப்போவது எனக்குத் தெரியும், கை சொல்லும். டிரம்காரன் அந்த ஒரு நொடியில்தான் வாழ்கிறான். வலது கையில் அது இன்னும் இருக்கிறது. இடது கை கிளம்புவது தெரியும். போய்ச் சேர்ந்ததா என்பது தெரியாது. காத்திருக்கிறேன். பலகையில் சத்தம் கேட்கிறது. என் கை அடித்துவிட்டது என்பது எனக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் பாவாயிக்கும், ஒரே நேரத்தில்தான் தெரிகிறது.