துபாய் மாத்திரை

தலைச்சன் பிள்ளை வயிற்றில் இருந்தபோது இடுப்பு வலி என் உயிரை வாங்கியது. துபாயிலிருந்து கணவர் அனுப்பிய சோப்பு, சென்ட்டோடு வந்த வலி மாத்திரையை மாமியார் நீட்டினார். அதிராம்பட்டினத்தில் எங்கள் தெருவுக்கே அதுதான் மருந்து. நான் அதை டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"நச்சுக்கொடி வழியாத்தான் புள்ளைக்கு எல்லாமே போகுது. இது அந்தக் கொடியோட வளர்ச்சியையே பாதிக்கலாம். என்னைக் கேக்காம எதையும் போடாதீங்க."

மாமியார் சொல்லி விஷயம் தெரிந்த கணவர், எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து என்னை வரவழைத்துக் கத்தினார்: "நான் அனுப்புனதையே நம்ப மாட்டியா?"

வரிசையில் நின்றவர்கள் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்: "உங்கள நம்புறேன் மச்சான். மாத்திரையத்தான் நம்பல."

எனக்குப் பின்னால் நின்ற, முன்பின் தெரியாத கர்ப்பிணி ஒருத்தி மெல்லக் கேட்டாள்.

"அக்கா, அது எந்த டாக்டரு?"

அதற்கும் சத்தமாகத்தான் பதில் சொன்னேன்.