ஆமணக்கெண்ணெய் குடித்த கார்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு எங்கள் தெருவில் யாரும் நேரத்தோடு பகல் சோறு தின்னவில்லை. எல்லாரும் வேலியோரம் நின்று ஒரு காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்!

எனக்கும் மோட்டாருக்கும் உள்ள சம்பந்தம் உங்களுக்குத் தெரிந்ததே. பஸ் வந்தால் ஏறுவேன், நின்றால் இறங்குவேன். அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஆள் இந்த வாரம் முழுப் பத்தியையும் ஒரு காருக்குக் கொடுக்கிறேன் என்றால்... கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் மூத்த சகோதரியை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கணவர், என் மச்சான், அரிசி மில் வைத்திருக்கும் ஹாஜியார். மில்லின் எஞ்சின் கொஞ்ச காலமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அறுவடையோ நெருங்குகிறது. இறக்காமத்திலிருந்தும் சவளக்கடையிலிருந்தும் நெல் வண்டிகள் வந்து வரிசையாக நிற்கும்போது எஞ்சின் படுத்துவிட்டால் என்ன கதி? பதுளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் துரை சாமான்களை விற்றுவிட்டுச் சீமைக்குப் போகிறாராம் என்று கேள்விப்பட்டு, மச்சான் லொறியோடு போனார். திரும்பி வரும்போது லொறியில் ஒரு பழைய ரேஸ் கார் இருந்தது.

கூரை இல்லை. கதவு இல்லை. நீண்ட மூக்கு; அதன் குறுக்கே ஒரு தோல் வார். இரண்டு பேர் நெருக்கிக்கொண்டு உட்காரலாம். புகைக்குழாய் வெளிப்பக்கமாக வாழைத்தண்டுப் பருமனில் நீண்டு கிடந்தது.

"இதுல என்னத்த மச்சான் ஏத்துற?" என்று கேட்டேன்.

"ஒண்டும் ஏத்தேலாது. எஞ்சினுக்குத்தான் வாங்கின. ஞாயித்துக்கிழம மெக்கானிக் வாறார். எஞ்சினக் கழட்டி மில்லில பூட்டிட்டு, மிச்சத்த இரும்புக் கடைக்குக் குடுக்கலாம்."

நியாயமான பேச்சு. நானும் தலையாட்டினேன்.

ஆனால் அன்றைக்கே ராத்தா வீட்டில் வேறொரு பிரச்சினை தொடங்கிவிட்டது — புது மருமகன் சோறு தின்னவில்லை!

இது சின்ன விஷயமா? மகளுக்குக் கலியாணம் நடந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். புது மாப்பிள்ளை என்றால் கேட்க வேண்டுமா? காலையில் பலகாரம், பகலில் கோழி, பின்னேரம் வட்டிலப்பம். அவர் கேட்டதை இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் அவர் வாய் திறந்து கேட்கவும் கூடாது. கேட்டால் மரியாதை போய்விடும்! மாமியாரோ மருமகன் முன்னால் வரவே மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று, "கறி இன்னும் கொஞ்சம் வேணுமாண்டு கேளுங்க" என்று பொதுவாக ஒரு குரல் கொடுப்பார். அதை ஏந்திக்கொண்டு போய்ச் சேர்ப்பது பெரும்பாலும் என் உத்தியோகம்.

"வச்ச சோறு வச்ச மாதிரியே கிடக்கு தம்பி," என்றார் ராத்தா. "உப்புக் கூடிட்டா? புள்ளையோட ஏதும் மனத்தாங்கலா? ஒருக்காக் கேட்டுப் பாரு."

கேட்டேன். சுபைர் மருமகன் சிரித்து மழுப்பிவிட்டார். நல்ல பிள்ளை; ஆனால் வெட்கக்காரர். மறுநாள் ராத்தா தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மருமகன் மருந்துக் கடையில ஆமணக்கெண்ணெய் வாங்கினாராம் தம்பி. போத்தல் போத்தலா! யா அல்லாஹ், என்ர சமையல் அவர்ர வயித்தக் கெடுத்துப்போட்டு! சம்மந்தி வீட்டார்ர முகத்துல இனி எப்படி முழிக்கிற?"

மருமகனைத் தேடிப் போனேன். மில்லுக்குப் பின்னால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தக் காரின் மூக்கைத் திறந்து வைத்திருந்தார். ஆமணக்கெண்ணெய் முழுவதும் எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"இதென்ன மருமகன் வேல?"

"ரேஸ் காருக்கு இதுதான் ஒயில், சின்ன மாமா."

பிறகு மெல்ல மெல்லக் கதை வெளியே வந்தது. கலியாணத்துக்கு முன் அவர் பண்டாரவளையில் தன் மூத்த சகோதரரான காக்காவின் புடவைக் கடையில் வேலைக்கு நின்றவர். அந்தப் பதுளைத் துரை பந்தயத்துக்காக இதே காரில்தான் மலை ஏறிப் பழகுவாராம். தூரத்தில் சத்தம் கேட்டதும் இவர் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பார்க்க ஓடிவிடுவாராம்.

"காக்காட்ட வாங்கின ஏச்சுக்குக் கணக்கில்ல, சின்ன மாமா. ஆனா அந்தச் சத்தத்த ஒருக்காக் கேட்டா மறுகா ஏச்சு ஒண்டும் காதுல விழாது. இந்தக் காரயா கழட்டப் போறாங்க? நினைச்சா எனக்குச் சோறு இறங்குதில்ல."

"மாமாட்டச் சொல்லலாமே?"

"வந்து நாப்பது நாளாகல்ல. நான் எப்படிக் கேக்கிற? கழட்ட முந்தி ஒரு தரம் ஓட்ட விட்டாலே போதும்."

வழக்கம் போல நான் தூது போனேன். மச்சான் உடனே சம்மதித்துவிட்டார். "ஓட்டட்டும். எஞ்சின் வேல செய்யுமாண்டு பாத்த மாதிரியும் இரிக்கும்." கழட்டாமல் விடலாமே என்ற பேச்சுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. பாவம், அவருக்கு நெல் வண்டிக் கவலை.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு காரைத் தெருவுக்குத் தள்ளினோம். மருமகன் உள்ளே உட்கார்ந்தார். நாலைந்து பேர் பின்னால் நின்று தள்ளினார்கள். கார் இருமியது. மறுபடி தள்ளினார்கள். மறுபடி இருமியது. "இதுக்குச் சுக்குக் கசாயம்தான் குடுக்கணும்!" என்று யாரோ சொல்ல, தெருவே சிரித்தது. மருமகனின் காது சிவந்துவிட்டது.

மூன்றாம் தரம் தள்ளினார்கள்... அப்போது அது வாய் திறந்தது!

எப்படி எழுதுவேன்? சத்தம் காதுக்கு வரும் முன்பே நெஞ்சுக்கு வந்துவிட்டது. காலடியில் மணல் அதிர்ந்தது. கோழிகள் கூரைக்கு ஏறின. ஆடொன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் ஓடியது. தெரு முழுக்க ஆமணக்கெண்ணெய் வாசம். மாதத்துக்கொரு தரம் பேதிக்குக் குடித்துப் பழகிய சின்னஞ்சிறுசுகள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டன. கார் சாய்ந்தமருதுப் பக்கம் பாய்ந்தது. ஒரு கண் இமைப்பில் ஆளையும் காணோம், காரையும் காணோம். தூரத்தில் சத்தம் மட்டும் மெலிந்து மெலிந்து போனது. பிறகு அதே சத்தம் திரும்பி வரத் தொடங்கியது... வந்தது... எங்களைக் கடந்து போனது!

நான் கையைத் தட்டிக்கொண்டு கத்தினேன். என் வயதையும் உத்தியோகத்தையும் மறந்து கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் இந்தச் சந்தோஷத்தைத் தெரியாமலே இருந்துவிட்டோமே என்று இருந்தது.

மருமகன் வந்து நிறுத்தினார். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் கரி, அதற்குள் பல் மட்டும் தெரிந்தது.

மச்சான் என் காதுக்குள் கத்தினார்: "நல்ல பலமான எஞ்சின்! ஞாயித்துக்கிழமையே பூட்டிரலாம்!"

அவர் மில் பக்கம் கையைக் காட்டியதைப் பார்த்ததும் மருமகனுக்கு விளங்கிவிட்டது. எஞ்சினை நிற்பாட்டக் கையைக் கொண்டு போனார்.

அப்போதுதான் வீட்டு வாசல் கேற் திறந்தது. ராத்தா! முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நேரே தெருவுக்கு வந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார் — மருமகனிடம் சொல்லச் சொல்கிறார். எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. காதில் கையை வைத்துக் காட்டினேன். "உன்னால ஒரு பிரயோசனமுமில்ல" என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று காருக்குப் பக்கத்தில் போய் நின்று, தெருவுக்கே கேட்கும்படி கூவினார்:

"மருமகன்! நிப்பாட்டாதீங்க! இன்னொருக்கா ஓட்டுங்க!"

கலியாணம் நடந்த பிறகு மாமியார் மருமகனோடு நேரே கதைத்த முதல் வார்த்தை அதுதான். மருமகன் திகைத்துப் போய், "ஓம் மாமி... ஓம் மாமி..." என்றார். அடுத்த நிமிஷம் கார் மறுபடியும் பறந்தது. ராத்தா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை போலச் சிரித்தார்.

சத்தம் அடங்கியதும் ராத்தா மச்சான் பக்கம் திரும்பினார்.

"இதையா கழட்டப் போறீங்க? மெக்கானிக்க வர வேணாமெண்டு சொல்லுங்க."

"அப்ப மில்லு?"

"மில் நிக்கிற வளவு என்ர சீதனம். அதுல இந்த எஞ்சின் ஏறாது. வேற பாருங்க."

சீதன வளவு, தன் நிலம் என்று ஒரு பெண் வாய் திறந்த பிறகு எங்கள் ஊரில் எந்த ஹாஜியார் எதிர்த்துக் கதைத்திருக்கிறார்? மச்சான் தாடியைத் தடவிக்கொண்டார். அன்று மருமகன் தின்ற சோற்றைப் பார்த்து ராத்தாவுக்கே இன்னொரு பானை ஏற்றலாமா என்று யோசனை வந்துவிட்டது.

மரியாதைக்காக நாம் எத்தனை விஷயங்களைச் சொல்லாமலே வைத்திருக்கிறோம்! நல்ல சத்தமாக ஒன்று குறுக்கே வந்தால்தான் வாய் திறக்கிறது.

மச்சான் நாளைக்கு மறுபடியும் பதுளைக்குப் போகிறார், எஞ்சின் தேடி. என்னையும் கூப்பிட்டுவிட்டு, காதோடு சொன்னார்:

"இந்த முற எஞ்சின அங்கேயே ஓட்டிப் பாத்துட்டு வருவம் மச்சான். உங்கட ராத்தாட காதுல விழப்படாது!"