அறுபத்தைந்தாவது வாக்கியம்

என் ஆங்கில நோட்டில் அறுபத்து நான்கு வாக்கியங்கள் இருந்தன. எண் போட்டுத் தலைப்பு வாரியாகப் பிரித்திருந்தேன். வணக்கம் சொல்ல ஏழு, உதவி கேட்கப் பன்னிரண்டு, நன்றிக்கு ஒன்பது, ஒப்புக்கொள்ளப் பதினெட்டு, மன்னிப்புக் கேட்கப் பதினெட்டு. கிணத்துக்கடவில் பஸ் ஏறினால் உக்கடம் வருவதற்குள் ஒரு தலைப்பு மனப்பாடமாகிவிடும்.

மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. வியாழக்கிழமை மதியம் வெளிநாட்டு வாடிக்கையாளருடன் வீடியோ கால் இருக்கும். மேனேஜர் பேசுவார், அவர் பேசுவதற்கான ரிப்போர்ட்டை நான் எழுதுவேன். நான்கு வருடம் இப்படியே போனது. ஒரு நாள் அவரே கூப்பிட்டார்.

"மூணு மாசம் நீங்க பேசிப் பாருங்க அம்மணி. சரியா வந்துச்சுன்னா கால் உங்களுக்கே. இல்லைன்னா பழையபடி நான் பேசிக்கறேன், நீங்க ரிப்போர்ட் எழுதுங்க."

வீடியோ காலில் பேசுகிறவர் உட்காரும் அந்த நாற்காலி எனக்கு வேண்டும். நோட்டு தொடங்கியது அதற்காகத்தான்.

முதல் சில வாரங்கள் நன்றாகவே போயின. மன்னிப்புத் தலைப்பு முழுக்க உபயோகமாகிவிட்டது. பிறகு ஒரு வியாழக்கிழமை அந்த வெள்ளைக்காரர் கேட்டார்: புது மோட்டாரை ஐந்நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிப் பார்க்கும் சோதனையைப் பத்து நாளில் முடித்துத் தர முடியுமா?

பத்து நாளில் மொத்தமே இருநூற்று நாற்பது மணி நேரம்தான். இதற்கு இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரிடம் அன்றைக்கு வர முடியாது என்று யாரும் சொல்வதில்லை. உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, தோட்டத்து வேலையைப் பற்றிப் பேசி, வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்வோம். வந்தவர் பாதிக் காப்பியிலேயே புரிந்துகொள்வார்.

நானும் அதையே ஆங்கிலத்தில் செய்தேன். அவர் ஊரில் குளிர் எப்படி என்று விசாரித்தேன். சோதனை மேடை அடுத்தடுத்து வேலையில் இருப்பதைச் சொன்னேன். மேனேஜரைக் கலந்து பேசி எங்களால் ஆனதைச் செய்வோம் என்று முடித்தேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

மறுநாள் அவர் அனுப்பிய கூட்டக் குறிப்பில் ஒரே வரி: பத்து நாள், உறுதி.

மேனேஜர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு நாளைக்கு அம்பது மணி நேரம் ஓட்டிப்போடலாங்களா அம்மணி?" என்றார். அடுத்த வியாழனுக்குள் இதை நானே சரிசெய்ய வேண்டும் என்றும், முடியாவிட்டால் அவரே பேசிவிடுவதாகவும் சொன்னார். அவர் பேசினால் நாற்காலி போயிற்று.

நோட்டைப் புரட்டினேன். மறுத்துச் சொல்ல ஒரு வாக்கியம்கூட நான் எழுதி வைக்கவில்லை.

பக்கத்து மேசையில் இருக்கும் அக்கா கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். சாப்பாட்டு வேளையில் அவரை வெள்ளைக்காரராக நடிக்கச் சொன்னேன்.

"ஏனுங்க மேடம், பத்து நாள்ல முடியுங்களா?" என்றார்.

"அக்கா, அந்தாளு 'ங்க' போட மாட்டாருங்க."

"வாய் பழகிப்போச்சு கண்ணு. நீ பதிலச் சொல்லு."

"முடியாதுங்க. அதாவது, மெஷின் காலியில்லீங்க, போன வாரம் கரண்ட் வேற..."

"முடியாதுன்னு சொல்லிப்போட்டு எதுக்கு எம்பட ஊட்டுக்காரராட்டக் கதை சொல்ற? நிறுத்து."

நிறுத்தப் பழக நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அக்காவுக்கு என் தயிர் சாதத்தில் பாதி.

வியாழக்கிழமை கால் தொடங்கியதும் குளிரைப் பற்றி விசாரிக்கவில்லை. "நோ" என்றேன். பத்து நாளில் முடியாது, இருபத்தோரு நாள் ஆகும் என்று ஆங்கிலத்தில் சொல்லி வாயை மூடிக்கொண்டேன். கேட்டால் சொல்ல நான்கு காரணங்களை வரிசையாக எழுதி வைத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. நன்றி, இருபத்தோரு நாள் என்று குறித்துக்கொண்டேன் என்றார். அடுத்து பேக்கிங் அட்டையின் அளவைப் பற்றிக் கேட்டார்.

எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் மறுத்தால், கொஞ்சம் பாருங்களேன் என்று இரண்டு தடவையாவது கெஞ்சுவார்கள். அந்த மரியாதைகூட இல்லை.

கால் முடிந்ததும் அறை மூலையில் உட்கார்ந்திருந்த மேனேஜர் எழுந்தார். "மூணு மாசமெல்லாம் வேண்டாங்க அம்மணி. இனி வியாழக்கிழமை உங்களுது" என்றவர், கதவருகே போய்த் திரும்பினார். "அந்தச் சோதனைக்கு ஞாயித்துக்கிழமை ஒரு அரை நாள் வந்துட்டுப் போவீங்களா?"

தெளிவாக மறுக்கக் கற்றுக்கொண்டு பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "ஊட்டுல கேட்டுச் சொல்றேனுங்க சார்" என்றேன்.

"சரிங்க சரிங்க, நான் வேற ஆளப் பார்த்துக்கறேன்" என்று போய்விட்டார்.

அன்று மாலை பஸ்ஸில் நோட்டைத் திறந்து அறுபத்தைந்து என்று எண் போட்டு, நோ என்று எழுதினேன். உபயோகம் என்ற கட்டத்தில், வியாழக்கிழமைகளில் மட்டும் என்று குறித்துக்கொண்டேன்.