சுளுக்கு என்று நாங்கள் சொன்ன கால்

பிள்ளைகளா, நான் மாடிப்படி இறங்கும்போது நீங்கள் ரெண்டு பேரும் கீழே நின்று, "அப்பா நண்டு மாதிரி வாராங்க" என்று சிரிப்பீர்களே, அதற்கு ஒருநாளும் நான் பதில் சொன்னதில்லை. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி பக்கவாட்டில் இறங்கி வந்துவிடுவேன். வாயால் சொல்ல உட்கார்ந்தால் எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய்விடுகிறேன். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும்தான் என் படிப்பு. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என் ரத்தத்தில் ஒரு குறை உண்டு. மற்றவர்களுக்கு உறைகிற மாதிரி எனக்குச் சீக்கிரம் உறையாது. ஹீமோபிலியா என்று பெயர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கி, வைத்த பஞ்செல்லாம் நனைந்து, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினோம். அங்கேதான் கண்டுபிடித்தார்கள். "பயப்படாதீங்கம்மா, மைல்டுதான்" என்றார் டாக்டர். என் அம்மா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். யார் கேட்டாலும், "லேசானதுதானாம், ஒண்ணும் செய்யாதாம்" என்பாள். நானும் அப்படித்தான் நம்பினேன். பல்லைப் பிடுங்காமல், ஆபரேஷன் எதுவும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். மூட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எங்கள் காதில் ஏறியிருக்குமா தெரியாது.

துறைமுகத்தில் நான் கிரேன் ஓட்டியபோது நீங்கள் சின்னப் பிள்ளைகள். நிலக்கரிக் கப்பல் வந்தால் அதன் வயிற்றிலிருந்து கரியை அள்ளி லாரியில் போடுகிற கிரேன் அது. கோபுரத்துக்குள்ளே செங்குத்தான இரும்பு ஏணி. ஏறிப் போனால் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதில் ஒரு நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் முத்தையாபுரம் உப்பளம் வெள்ளை வெள்ளையாக. எனக்கு அந்த நாற்காலி ரொம்பப் பிடிக்கும். ஆனால் மேலே ஏறுகிறவனுக்கு வியாதி என்று தெரிந்தால் உடனே கீழே இறக்கிவிடுவார்கள். வலிப்பு வந்த ஒருவரை அப்படி இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன். லேசானதுதானே என்று நான் வாய் திறக்கவில்லை.

இடது கணுக்கால் அதற்கு முன்பே பல தடவை பிரண்டிருக்கிறது. மற்றவர்களுக்கு ரெண்டு நாளில் வற்றுகிற வீக்கம் எனக்கு வாரக்கணக்கில் நிற்கும். அந்தத் தடவை முத்தையாபுரம் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கால் ஒரு பள்ளத்தில் மடங்கியது. மறுநாள் கேண்டீனில் டீ வாங்கிக்கொண்டு நொண்டி வந்தேன்.

எனக்கு அடுத்த ஷிப்டில் அதே கிரேனை ஓட்டியவர் கடற்கரை ஊர்க்காரரான ஒரு அண்ணாச்சி. ஷிப்டுக்கு ரொம்ப முன்னாலேயே கேண்டீனுக்கு வந்துவிடுவார். பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்தவர். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். துறைமுகத்தில் யாருக்குச் சுளுக்கினாலும் அவரைத்தான் தேடுவார்கள்.

"ஏலே, காலு என்ன பணியாரமாட்டம் வீங்கிக் கெடக்கு?"

"லேசாப் பெரண்டுட்டு அண்ணாச்சி. தானா வத்திரும்."

"வத்தும், வத்தும். பெறவு நான் எதுக்குலே இருக்கேன்? நீட்டு காலை."

"வேண்டாம் அண்ணாச்சி, டீ ஆறிரும்."

"ஆறட்டும். கப்பல் கேப்டனே இந்தக் காலுக்குக் கீழ படுத்திருக்கான், கேட்டியா?"

கீழே நின்று கிரேனுக்குக் கை காட்டுகிற சிக்னல்காரர் பக்கத்தில் இருந்தார், சும்மா இருப்பாரா? "பாத்து மிதியும் அண்ணாச்சி. போன மாசம் நீரு மிதிச்சவன் இன்னும் வேலைக்கு வரல."

"அவன் பொண்டாட்டி மிதிச்சதுல வரல. நீரு டீயைக் குடியும்வே."

எல்லோரும் சிரித்தார்கள். மிதித்தால் உள்ளே ரத்தம் கசியுமோ என்று எனக்கு மட்டும் அப்போதுதான் தோன்றியது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் இன்சார்ஜ் காதுக்குப் போய்விடும். கால் போகுமோ, நாற்காலி போகுமோ என்று யோசித்துக்கொண்டே காலை நீட்டினேன். அண்ணாச்சி நெற்றியில் சிலுவை போட்டு, "மாதாவே" என்று சொல்லி, எண்ணெய் தொட்ட காலால் என் கணுக்காலிலிருந்து விரல் வரைக்கும் அழுத்தி வழித்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மூணு நாளைக்கு மிதிக்கணும். நாளைக்கும் வந்துரு" என்றார். வராமல் எங்கே போவேன்? ஒரே கேண்டீன், ஒரே கிரேன். வீட்டில் உங்கள் அம்மா, "ஏங்க, வீக்கம் கூடுதேங்க" என்றாள். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் டீ இடைவேளையில் மூன்றாம் மிதியும் வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். முதலில் கணுக்காலுக்குள் எறும்பு ஊருகிற மாதிரி இருந்தது. பிறகு சூடு. பிறகு உள்ளே ஏதோ நிரம்பி, இடமில்லாமல் முட்டியது. பூட்ஸைக் கழற்றினேன். பாதம் சாய்ந்த நிலையிலேயே நின்றுவிட்டது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. கரி அள்ளுகிற வாளியைக் கரிக்குவியல் மேல் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் நாலு பக்கக் கண்ணாடியிலும் அடித்தது. பாட்டிலில் தண்ணீர் தீர்ந்தது. மூத்திரம் வேறு முட்டியது. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் தரையில் பட்டதும் கண் இருட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ்வளவு பெரிய கடல். எனக்கோ ஒரு முழம் நகர வழியில்லை.

வாக்கிடாக்கியில் சிக்னல்காரர் சத்தம் போட்டார். "மேல என்னவே, தூக்கமா? கப்பல்காரன் கத்துதான்."

"கேபிளைப் பாத்துக்கிட்டு இருக்கேன், இரும்" என்றேன்.

ஷிப்டு மாற்ற அண்ணாச்சி மூச்சு வாங்க ஏறி வந்தார். "எந்திரிலே, என் நாற்காலி சூடாயிட்டு."

"எந்திரிக்க முடியல அண்ணாச்சி."

குனிந்து காலைப் பார்த்தார். தோல் மினுமினுவென்று இழுத்துக்கொண்டு இருந்தது. "அட, நரம்பு புடிச்சிட்டுல்லா! பயப்படாத. இங்கனயே ஒரு மிதி போட்டு விடுதேன்" என்று தன் பூட்ஸ் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

ரெண்டு பேர் நிற்கவே இடமில்லாத கூண்டு. வாசலை அடைத்துக்கொண்டு அவர். பின்னால் கண்ணாடி. இனிமேல் ஒதுங்க இடமில்லை.

"மிதிக்காதிய அண்ணாச்சி. எனக்கு ரத்தம் உறையாது. உள்ள ரத்தம் ஓடிக்கிட்டு இருக்கு."

நாடா கையிலேயே நின்றது. "எப்ப இருந்து?"

"பொறந்ததுல இருந்து."

"அப்ப நான் மிதிச்சது..."

"நீங்க தெரிஞ்சா செஞ்சிய?"

"நான் தெரியாமச் செஞ்சேன். நீ தெரிஞ்சுல்லாலே காலை நீட்டியிருக்க! கோட்டிக்காரப் பயலே!"

அவிழ்த்த நாடாவைத் திரும்ப இறுக்கிக் கட்டினார். ஏணியில் எனக்குக் கீழே அவர் இறங்கினார். நான் கைகளாலும் நல்ல காலாலும் இறங்க, வீங்கிய காலைத் தன் தோளில் தாங்கிக்கொண்டார். ஒவ்வொரு படிக்கும், "வெச்சுக்கோ, என் மேல வெச்சுக்கோ" என்பார். அவர் சட்டையில் என் கால் எண்ணெய் பிசுபிசுத்தது.

கீழே இன்சார்ஜ் நின்றிருந்தார். "என்னாச்சு?"

"சுளுக்கு சார். ரெண்டு நாள் படுத்தா சரியாயிரும்" என்று அண்ணாச்சி முந்திக்கொண்டார். என் கையையும் ஒரு அழுத்து அழுத்தினார். அந்தப் பொய்யை ஏற்றுக்கொண்டிருந்தால் நாற்காலி எனக்கு இருந்திருக்கும். ஆனால் அவர் நாடா அவிழ்க்கக் குனிந்தபோது வந்த பயம் இன்னும் என்னை விடவில்லை.

"சுளுக்கு இல்ல சார்" என்றேன்.

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் உறைகிற ஊசி போட்டார்கள். ஐஸ் வைத்தார்கள். வலி மாத்திரையின் பெயரைக் கேட்டதும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அது ரத்தத்தை இன்னும் உறையவிடாதாம். எக்ஸ்ரேயில் என் கணுக்காலில் எலும்பும் எலும்பும் ஒட்டிக்கொண்டு தெரிந்தன.

"இது இந்த ஒரு தடவையில வந்தது இல்லைங்க. சுளுக்குன்னு நீங்க விட்டுட்ட ஒவ்வொரு தடவையும் மூட்டுக்குள்ள ரத்தம் போயிருக்கு. அது குருத்தெலும்பை அரிச்சிருச்சு."

"மைல்டுன்னு சொன்னாங்களேம்மா?"

"மைல்டுதான். அதனாலதான் யாரும் பாக்கல."

மகனே, அப்பாவிடமிருந்து ஆண் பிள்ளைக்கு இது போகாதாம், பெண் பிள்ளைக்குத்தான் போகுமாம்; உனக்கு வராது. மகளே, உனக்குள் இது இருக்கும். உனக்கும் ரத்தம் கொஞ்சம் மெதுவாக உறையலாம், உன் பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டரம்மா சொன்னார். மூட்டு வீங்கினால், பல் பிடுங்கப் போனால், பிரசவத்துக்குப் போனால், முதலில் இதைச் சொல். யார் முன்னாலும் சொல். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கிரேனில் மறுபடி என்னை ஏற்றவில்லை. இப்போது லாரி எடைமேடை அறையில் இருக்கிறேன். அதுவும் ஒரு கூண்டுதான். ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் சுவர், கடல் தெரியாது. சுவருக்கு மேலே கிரேனின் தலை மட்டும் தெரியும். கூண்டு என் பக்கம் திரும்பும்போது அண்ணாச்சி ஒரு ஹாரன் அடிப்பார். சில நாள் நிமிர்ந்து பார்ப்பேன். சில நாள் பார்க்கமாட்டேன்.

கால் மேலும் இறுகாமல் இருக்க ஒரு பயிற்சி சொன்னார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலால் காற்றில் எழுத்துகளை எழுதவேண்டும். எனக்குக் கூசியது. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ரொம்ப நாள் தள்ளிப்போட்டேன்.

ஒருநாள் மத்தியானம் லாரிக்காரர்கள் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். ட சுலபமாக வந்தது, அது ரெண்டு நேர்கோடுதானே. ப வந்தது. அ எழுதப் போனால் சுழியிலேயே கணுக்கால் நின்றுவிட்டது. மறுபடி எழுதினேன். பாதிச் சுழி வந்தது. காற்றில் எழுதியதை எப்படித் தொடுவது? குனிந்து அந்தக் கணுக்காலையே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.